மெமரி கார்டின் வழியை அடைக்காதீர்கள்: திறன்பேசி உற்பத்தியாளர்களுக்கு ஒரு திறந்த மடல்

திறன்பேசிகளை வடிவமைத்து விற்கும் நிறுவனத்தாருக்கு,

வணக்கம்.

மென்பொருள் புதுப்பிப்பு நின்றுபோன பிறகும் கைபேசியைத் தூக்கிப் போட மனமில்லாமல், வேறோர் இயங்குதளத்தை ஏற்றி ஓட்டிக்கொண்டிருக்கும் பயனர்களில் நானும் ஒருவன். கஸ்டம் ரோம் என்று பேச்சில் வழங்கும் இத்தகைய மாற்று இயங்குதளங்களைப் பல ஆண்டுகளாகப் பயன்படுத்தி வருகிறேன். சிலவற்றை உள் நினைவகத்திலும் சிலவற்றை மெமரி கார்டிலும் வைத்து ஓட்டியிருக்கிறேன். இரண்டில் எது நல்லது என்று கேட்டால், அன்றாடப் பயன்பாட்டுக்கு உள் நினைவகமே என்று தயங்காமல் சொல்வேன். அப்படிச் சொல்கிற நான், மெமரி கார்டிலிருந்து ஓர் இயங்குதளத்தைத் தொடங்கும் வசதியை ஒவ்வொரு கைபேசியிலும் அதன் உரிமையாளருக்குத் தர வேண்டும் என்று உங்களிடம் கேட்பதற்காகவே இம்மடலை எழுதுகிறேன். இவ்விரண்டும் ஒன்றுக்கொன்று முரணல்ல என்பதை என் அனுபவத்திலிருந்தே விளக்குகிறேன்.

என் பழைய கைபேசி ஒன்றுக்கு, வாங்கிய இரண்டரை ஆண்டுகளிலேயே பாதுகாப்புப் புதுப்பிப்புகள் நின்றுவிட்டன. திரை, பேட்டரி, கேமரா எல்லாம் நன்றாகவே இருந்தன. அந்த மாடலுக்கெனத் தன்னார்வலர்கள் உருவாக்கிய இயங்குதளம் ஒன்று கிடைத்ததால், கைபேசியை இயக்கியதும் இயங்குதளத்தைத் தொடங்கிவைக்கும் நிரலான பூட்லோடரின் பூட்டைத் திறக்க முடிவு செய்தேன். கைபேசியில் உள்ள தரவு அனைத்தும் அழிக்கப்படும் என்ற எச்சரிக்கை திரையில் வந்தது. படங்களையும் தொடர்பு எண்களையும் முன்பே கணினியில் எடுத்து வைத்திருந்ததால், வால்யூம் பொத்தானால் சம்மதத்தைத் தேர்ந்து பவர் பொத்தானை அழுத்தினேன். ஒரு மணி நேரத்துக்குள் புதிய இயங்குதளம் ஏறிவிட்டது. பழையதைவிடச் சுறுசுறுப்பாகவும் ஓடியது. முதல் அழைப்பில்தான் குறை தெரிந்தது. மறுமுனையில் இருப்பவர் பேசுவது எனக்குக் கேட்டது. நான் பேசுவது அவருக்குக் கேட்கவில்லை. குரல் பதிவுச் செயலியில் அதே மைக் ஒழுங்காக வேலை செய்தது, அழைப்பில் மட்டும் ஊமையாகிவிட்டது. பழைய நிலைக்குத் திரும்ப இரண்டு இரவுகள் ஆயின. திரும்பிய பிறகுதான், இரட்டைச் சரிபார்ப்புக் குறியீடுகளைத் தரும் செயலியின் தரவை எடுத்து வைக்க மறந்திருந்தேன் என்பது உறைத்தது. ஒவ்வொரு கணக்காக மீட்டெடுக்க மேலும் ஒரு வாரம் பிடித்தது.

அந்த இயங்குதளத்தை ஒரு மெமரி கார்டில் எழுதிச் செருகி, கைபேசியை அதிலிருந்து தொடங்க முடிந்திருந்தால், ஓர் அழைப்பு செய்து பார்க்க ஐந்து நிமிடம் போதுமாக இருந்திருக்கும். மைக் வேலை செய்யவில்லை என்று தெரிந்ததும் அட்டையை உருவிவிட்டு மறுபடி இயக்கியிருப்பேன்; என் பழைய கைபேசி ஓர் எழுத்தும் மாறாமல் அப்படியே வந்து நின்றிருக்கும்.

மாற்று இயங்குதளங்களின் குறைகள் பெரும்பாலும் இப்படித்தான் இருக்கின்றன. திரையும் தொடுதலும் முதல் நாளிலேயே சரியாக அமைந்துவிடும். அழைப்பில் மைக், 4ஜி வழிக் குரல் அழைப்பு, கைரேகை உணரி, இரண்டாவது கேமரா, ஜிபிஎஸ் ஆகியவைதான் காலை வாரும். ஏனெனில் இவற்றை இயக்கும் நிரல்கள் உங்களிடமும் சில்லு தயாரிப்பாளர்களிடமும் மூடிய வடிவில் இருக்கின்றன. ஒரே பெயரில் விற்கும் மாடலிலேயே ஒரு தொகுதிக்கும் இன்னொரு தொகுதிக்கும் கேமரா உணரியோ திரைப் பலகமோ மாறியிருப்பதும் உண்டு. எனவே வேறொருவரின் கைபேசியில் வேலை செய்தது என்பது என் கைபேசிக்கு உத்தரவாதம் ஆகாது. என் கைபேசியிலேயே ஓட்டிப் பார்ப்பதைத் தவிர அறிய வேறு வழி இல்லை. ஓட்டிப் பார்ப்பதற்கான விலையாக, இருப்பதையெல்லாம் முதலில் அழித்துவிடு என்று கேட்பதுதான் இன்றைய முறையாக இருக்கிறது.

இது நடைமுறைக்கு ஒவ்வாத ஆசை அன்று. 2009-இல் விண்டோஸ் மொபைல் 6.5 உடன் வெளிவந்த எச்டிசி எச்டி2 கைபேசியை நினைத்துப் பாருங்கள். அதற்கு ஆண்ட்ராய்டு ஒருபோதும் முறைப்படி வரவில்லை. ஆர்வலர்கள் முதலில் ஆண்ட்ராய்டை மெமரி கார்டில் ஒரு கோப்பாக வைத்து, விண்டோஸ் எழுந்த பிறகு ஹேரெட் என்ற சிறு நிரலால் அதைத் தொடங்கினார்கள். அந்த நொடியில் விண்டோஸ் நினைவிலிருந்து நீங்கி, ஆண்ட்ராய்டின் அடித்தளமான லினக்ஸ் கர்னல் ஓடத் தொடங்கும். பேட்டரியைக் கழற்றி மாட்டினால் மறுபடி விண்டோஸ். பலர் அட்டையில் ஓட்டிக் குறைகளைக் கண்டு சொல்லச் சொல்லத்தான் அந்தப் பதிப்புகள் தேறின. பிறகு உள் நினைவகத்தில் நேரடியாக ஏற்றும் வழியும் வந்தது. அட்டையில் பழகி உள்ளே குடியேறுவது என்ற இந்த வரிசையைத்தான் நான் கேட்கிறேன்.

2020-இல் வரத் தொடங்கிய பைன்போன் என்ற லினக்ஸ் கைபேசி இதை வன்பொருளிலேயே செய்து காட்டியது. அதன் ஆல்வின்னர் ஏ64 சில்லுக்குள் பதிந்துள்ள தொடக்க நிரல், முதலில் மெமரி கார்டில் தேடுகிறது. அங்கே எதுவும் இல்லை என்றால்தான் உள்ளிருக்கும் இஎம்எம்சி நினைவகத்துக்குப் போகிறது. போஸ்ட்மார்க்கெட்ஓஎஸ், மோபியன், உபுண்டு டச் ஆகிய லினக்ஸ் இயங்குதளங்களை வெவ்வேறு அட்டைகளில் எழுதி வைத்துக்கொண்டு ஒரே மாலையில் மூன்றையும் பார்த்துவிடலாம். ஜம்ப்டிரைவ் என்ற சிறு பிம்பத்தை, அதாவது அட்டையில் அப்படியே எழுதத் தயாராக உள்ள இயங்குதளக் கோப்பை, எழுதிச் செருகினால், கைபேசியின் உள் நினைவகம் கணினிக்கு ஒரு யுஎஸ்பி வட்டாகத் தெரியும். பிடித்ததை அதில் எழுதிக்கொள்ளலாம். உள்ளே இருப்பது எவ்வளவு கெட்டுப்போனாலும் அட்டை வழியாக எழுப்பிவிடலாம் என்பதால், தவறான பிம்பத்தை எழுதிக் கைபேசியை இனி எழவே எழாத செங்கல்லாக்கிவிடுவோமோ என்ற அச்சம் அங்கே பெரிதும் இல்லை.

அட்டையின் குறைகளையும் நான் மறைக்கப் போவதில்லை. அவற்றை மாதக்கணக்கில் பட்டு அறிந்தவன் நான். அட்டையின் மீது பெரிதாக அச்சிட்டிருப்பது பெரும்பாலும் தொடர்ச்சியாகப் படிக்கும், எழுதும் வேகம். கிளாஸ் 10 என்றால் நொடிக்குக் குறைந்தது 10 மெகாபைட்டைத் தொடர்ந்து எழுதும் என்று பொருள். காணொளிப் பதிவுக்கு அது போதும். இயங்குதளம் கேட்பது வேறு. ஒரு குறுஞ்செய்தி வந்தால்கூடத் தரவுத்தளத்தில் இங்கே சில கிலோபைட், அங்கே சில கிலோபைட் என்று எழுதி, அது பதிந்துவிட்டது என்ற உறுதி கிடைத்த பிறகே செயலி அடுத்த வேலைக்குப் போகும். அட்டையில் உள்ள பிளாஷ் வகை நினைவகத்திலோ ஏற்கெனவே எழுதிய இடத்தின் மேல் எழுத முடியாது. பெரிய தொகுதியாக அழித்த பிறகே அங்கே மறுபடி எழுதலாம். ஆகவே 4 கிலோபைட் மாற்றத்துக்காக, அட்டைக்குள் இருக்கும் சிறு கட்டுப்பாட்டுச் சில்லு அதைப் போலப் பல மடங்கு தரவை இடம் மாற்ற நேர்கிறது. இந்தத் தேவையை உணர்ந்துதான் 2016-இல் ஏ1 என்ற தரம் வகுக்கப்பட்டது: இப்படி அங்கங்கே சிதறலாக, நொடிக்குக் குறைந்தது 1500 முறை படிக்கவும் 500 முறை எழுதவும் வேண்டும். அடுத்து வந்த ஏ2 தரம் அதை 4000, 2000 என்று உயர்த்தியது. ஆனால் கட்டளைகளை வரிசையில் வாங்கிச் செய்யும் வசதியைக் கைபேசியும் ஆதரித்தால்தான் அந்த வேகம் முழுதாகக் கிடைக்கும். இணைப்பின் உச்ச வேகத்தைப் பார்த்தாலும், யுஎச்எஸ்-1 வகை இணைப்புள்ள அட்டைக்கு நொடிக்கு 104 மெகாபைட், உள் நினைவகமான இஎம்எம்சி 5.1-க்கு 400 மெகாபைட். படிப்பதையும் எழுதுவதையும் ஒரே நேரத்தில் செய்யும் யுஎஃப்எஸ் என்ற புதிய வகை உள் நினைவகம் இதற்கும் மேலே.

எண்களைவிடக் கையில் உணர்வது தெளிவாகப் புரியும். அட்டையிலிருந்து ஓட்டிய நாட்களில், பின்னணியில் ஏதேனும் ஒரு செயலி தன்னைப் புதுப்பித்துக்கொண்டிருக்கும்போது அழைப்பு வந்தால், முதலில் மணி ஒலிக்கும். எடுப்பதற்கான பச்சைப் பொத்தான் திரையில் வருவதற்குள் அழைத்தவர் துண்டித்திருப்பார். சிம்மும் அட்டையும் ஒரே தட்டில் இருக்கும் கைபேசி என்றால் இன்னொரு சிக்கல். சிம்மை மாற்றத் தட்டை இழுத்தால் இயங்குதளமே காலடியிலிருந்து உருவப்பட்டுவிடும். திரை அப்படியே ஒளிரும், கடிகாரம்கூட ஓடும், ஆனால் தொட்ட எதுவும் திறக்காது.

எல்லாவற்றிலும் மோசமானது அட்டை ஓய்ந்துபோகும் விதம். எட்டு மாதம் ஓடிய ஓர் அட்டை ஒரு நாள் எந்த எச்சரிக்கையும் இல்லாமல் எழுதுவதை ஏற்க மறுத்து, படிக்க மட்டும் ஆகும் நிலைக்குப் போய்விட்டது. அன்று மாலை அனுப்பிய பதில்களும் எடுத்த படங்களும் திரையில் இருந்தன. மறுதொடக்கம் செய்ததும் முந்தைய நாள் காலைக்குக் கைபேசி திரும்பிப் போயிருந்தது. இப்படிப் பட்டதனால்தான் அன்றாடத்துக்கு உள் நினைவகமே என்கிறேன். அட்டை சோதித்துப் பார்க்க, மீட்டெடுக்க. உள் நினைவகம் வாழ. உள் நினைவகம் பலகையில் பற்றவைக்கப்பட்டிருப்பதால் அது பழுதானால் மற்றெல்லாம் நன்றாக இருந்தும் கைபேசியே முடிந்துபோகிறது. அந்த நிலையில் மெதுவாக ஓடும் ஓர் அட்டைகூடக் கைபேசியைப் பயனில் வைத்திருக்கும்.

பாதுகாப்பு என்ற காரணத்தை நீங்கள் முன்வைப்பீர்கள் என்று அறிவேன். அது மதிக்க வேண்டிய காரணமே. பூட்லோடரைத் திறக்கும்போது தரவை அழிப்பதுகூட, திருடியவர் கையில் அது சிக்கக் கூடாது என்பதற்காகத்தான். ஆனால் இன்றைய ஆண்ட்ராய்டில் உள் நினைவகம் திறவுகோல் இல்லாமல் படிக்க முடியாதபடி குறியாக்கம் செய்யப்பட்டிருக்கிறது. அதன் திறவுகோல்கள் தொடக்கத்தில் சரிபார்க்கப்பட்ட இயங்குதளத்தோடும் பூட்லோடரின் நிலையோடும் பிணைக்கப்பட்டிருக்கின்றன. அட்டையிலிருந்து எழும் இன்னோர் இயங்குதளத்துக்கு அத்திறவுகோல்கள் கிடைக்காதபடி செய்யும் பொறியமைவு ஏற்கெனவே உங்கள் கையில் இருக்கிறது. திருடியவர் ஓர் அட்டையைச் செருகிக் கைபேசியைத் தனதாக்கிக்கொள்வார் என்ற கவலைக்கு விடை, இந்த அனுமதியை உரிமையாளர் தன் பூட்டுக் குறியீட்டைக் கொடுத்து அமைப்புகளில் முன்கூட்டியே இயக்கியிருந்தால் மட்டுமே தொடக்க நிரல் அட்டையைப் பார்க்க வேண்டும் என்பதுதான். வேறோர் இயங்குதளம் தொடங்கும்போது எச்சரிக்கைத் திரை காட்டும் வழக்கமும் உங்களிடம் உண்டு. அதை இங்கும் காட்டுங்கள். அட்டையில் சேரும் தரவைக் குறியாக்கம் செய்வது மாற்று இயங்குதளத்தை உருவாக்குபவர்களின் பொறுப்பு. லினக்ஸில் அதற்கு வழி எப்போதோ இருக்கிறது.

சோதித்துப் பார்க்கும் உரிமை என்ற கருத்தும் உங்களுக்குப் புதிதன்று. 2019-இல் ஆண்ட்ராய்டு 10 உடன் வந்த டைனமிக் சிஸ்டம் அப்டேட்ஸ் என்ற வசதி, இருக்கும் இயங்குதளத்தைத் தொடாமல் உள் நினைவகத்தின் காலி இடத்தில் இன்னொன்றை வைத்து ஓட்டவும், மறுதொடக்கத்தில் பழையதற்குத் திரும்பவும் இடம் தருகிறது. ஆனால் பூட்லோடர் பூட்டிய கைபேசியில், நீங்கள் நம்பும் மின் கையொப்பம் பெற்ற பிம்பங்களுக்கு மட்டுமே அது பயன்படும். செயலி உருவாக்குவோருக்குத் திறந்துவிட்ட அந்த வழியை, கைபேசியைக் காசு கொடுத்து வாங்கியவருக்கும் அட்டை வழியாகத் திறந்துவிடுங்கள்.

அட்டைச் செருகியே இப்போது அரிதாகி வருகிறது. 2021-இல் வந்த கேலக்ஸி எஸ்21 வரிசையிலிருந்தே அது காணாமல் போயிற்று. செருகி இருக்கும் மாடல்களிலாவது, சிம் தட்டிலிருந்து அதைப் பிரித்து வையுங்கள். அட்டையில் ஓடிய இயங்குதளம் பிடித்துப்போனால், உரிமையாளர் ஒப்புக்கொண்ட பிறகு கணினி இல்லாமலேயே அதை உள்ளே மாற்றிக்கொள்ளவும், வேண்டாமென்றால் உங்கள் மூல இயங்குதளத்துக்குத் திரும்பவும் வழி வையுங்கள். கர்னலின் மூல நிரலைக் காலத்தோடு வெளியிடுங்கள். அது லினக்ஸ் கர்னலுக்கான ஜிபிஎல் என்ற திறமூல உரிமத்தின்படி நீங்கள் செய்தே ஆக வேண்டிய கடமை என்பதால் அதைப் பற்றி மேலும் சொல்லவில்லை.

புதிய மாடல்களில் இதைச் செய்யக் காலம் ஆகலாம். அதுவரை, நீங்கள் ஆதரவை நிறுத்தப் போகும் பழைய மாடல்களிலிருந்து தொடங்குங்கள். ஒவ்வொரு மாடலுக்கும் கடைசிப் புதுப்பிப்பு என்று ஒன்றை அனுப்புகிறீர்கள். பூட்லோடரையும் அதன் வழியாகவே புதுப்பிக்க உங்களால் முடியும். அந்தக் கடைசிப் புதுப்பிப்பில், மெமரி கார்டிலிருந்து தொடங்க அனுமதி என்ற ஒற்றை வரியை அமைப்புகளில் சேர்த்து அனுப்புங்கள்.

இப்படிக்கு,
பழைய கைபேசியைக் கைவிடாத பயனர் ஒருவர்