அறிவியல் ஆய்வுக்கு 500 இடங்கள்தானா?

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

மத்திய உயர்கல்வி நிறுவனங்களில் பட்டியலினத்தவருக்கு 15 சதவீதமும் பழங்குடியினருக்கு 7.5 சதவீதமும் ஒதுக்கும் சட்டம் 2006-ஆம் ஆண்டே நிறைவேறியது. ஆனால் 2015 முதல் 2019 வரை ஐஐடிகளில் முனைவர் பட்ட ஆய்வுக்குச் சேர்ந்தவர்களில் பட்டியலினத்தவர் ஏறத்தாழ 9 சதவீதம், பழங்குடியினர் 2 சதவீதம் மட்டுமே என்று அரசே நாடாளுமன்றத்தில் தெரிவித்தது. தகுதியானவர்கள் கிடைக்கவில்லை என்பது வழக்கமான பதில். முப்பதாண்டுகள் வேதியியல் கற்பித்த எனக்கு அதில் உடன்பாடில்லை.

என் மாணவி ஒருவர், குடும்பத்தில் முதல் பட்டதாரி, நெட் எனப்படும் தேசியத் தகுதித் தேர்வில் ஆய்வு உதவித்தொகைத் தகுதியோடு தேறி, ஒரு பல்கலைக்கழகத்தில் ஆய்வில் சேர்ந்தார். மாதந்தோறும் ஆய்வைத் தொடர்வதற்கான சான்றில் வழிகாட்டியிடம் கையெழுத்து வாங்கி ஒப்படைத்தும் ஏழு மாதங்களாக உதவித்தொகை வரவில்லை. பகலில் சிலிக்கா ஜெல் நிரப்பிய குழாயின் முன் நின்று சேர்மங்களைப் பிரித்தெடுத்தவர், மாலையில் விடுதிக் கட்டணத்துக்காக டியூஷன் எடுத்தார். நிலுவை வந்து சேர்வதற்குள் தனியார் பள்ளி ஆசிரியராகிவிட்டார்.

பட்டியலின மாணவர்களுக்கான தேசிய ஆய்வு உதவித்தொகையில் ஆண்டுக்கு 2,000 புதிய இடங்கள் உண்டு. அவற்றில் அறிவியலுக்கு 500, எஞ்சிய 1,500 கலை, சமூக அறிவியல் துறைகளுக்கு. அந்த 1,500-இல் கைவைக்கச் சொல்லவில்லை. அங்கும் தேவை பெரிதுதான். ஆனால் ஒரு வேதிவினை தவறிப்போனால் கரைப்பானும் வேதிப்பொருளும் மீண்டும் வாங்கி முதலிலிருந்து தொடங்க வேண்டிய துறைக்குக் கால்பங்கு என்பது எந்தக் கணக்கு? சிறுபான்மைச் சமயத்தவருக்கென 2009-இல் தொடங்கிய மௌலானா ஆசாத் உதவித்தொகையோ, பிற திட்டங்களின் பயனாளிகளையே மீண்டும் உள்ளடக்குகிறது என்ற காரணத்தால் 2022-இல் நிறுத்தப்பட்டது.

அறிவியல் இடங்களை உயர்த்துவதோடு, தில்லியிலிருந்து தொகை வரும்வரை பல்கலைக்கழகமே தன் நிதியிலிருந்து மாதந்தோறும் முன்பணம் கொடுத்து, பின்னர் அதை ஈடுசெய்துகொள்ள அரசு ஆணையிட வேண்டும். பேராசிரியர்கள் கருத்தரங்குக்குப் போக முன்பணம் தந்து பழகிய நிர்வாகங்களுக்கு இது புதிய நடைமுறையன்று.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற வேதியியல் பேராசிரியர்,
விருதுநகர்.