வாடகையை யார் தருவது? பன்னாட்டு நிதி முகமைகளுக்கு ஒரு திறந்த மடல்

பன்னாட்டு மேம்பாட்டு வங்கிகள், நன்கொடை முகமைகளின் பொறுப்பாளர்களுக்கு,

வணக்கம்.

2016 மே மாதம் இஸ்தான்புல்லில் நடந்த உலக மனிதாபிமான உச்சி மாநாட்டில் உங்களில் பலர் ஒரு வாக்குறுதி கொடுத்தீர்கள். 2020க்குள் மனிதாபிமான நிதியில் குறைந்தது 25 விழுக்காடு, இயன்றவரை நேரடியாக, உள்ளூர் மற்றும் தேசிய அமைப்புகளுக்குப் போய்ச் சேரும் என்றீர்கள். 2020 கடந்துபோனது, இலக்கு எட்டப்படவில்லை. உள்ளூர் அமைப்புகளுக்குத் திறன் போதாது என்பது உங்கள் கூட்டங்களில் அடிக்கடி கேட்கும் காரணம். அதை என்னால் ஏற்க முடியவில்லை.

கராச்சியின் ஒராங்கிப் பகுதியை எடுத்துக்கொள்ளுங்கள். 1980இல் சமூக அறிவியலாளர் அக்தர் ஹமீத் கான் அங்கே ஒரு முன்னோடித் திட்டத்தைத் தொடங்கினார். சாக்கடை வசதி இல்லாத பெரிய குடியிருப்பு அது. ஒரு சந்து, அதிலுள்ள இருபது முப்பது வீடுகள், அவர்களே தேர்ந்தெடுத்த ஒரு பொறுப்பாளர்: இதுதான் அமைப்பின் அடிப்படை அலகு. குழாய்க்கான பணத்தையும் உழைப்பையும் மக்களே போட்டார்கள். திட்டக்குழு வரைபடமும் கருவிகளும் ஆலோசனையும் கொடுத்தது. குழாய் பதிக்கப் பணம் கொடுக்கவில்லை. வீட்டுக் கழிப்பறையும் சந்துக் குழாயும் மக்கள் பொறுப்பு, பெருங்குழாயும் சுத்திகரிப்பும் அரசின் பொறுப்பு என்று வேலை பிரிந்தது. காலப்போக்கில் ஏறக்குறைய ஒரு லட்சம் வீடுகள் இப்படி இணைந்தன. மக்கள் தங்கள் பங்கை முடித்த வேகத்துக்கு அரசின் பங்கு ஈடுகொடுக்கவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். திறன் குறைவு எந்தப் பக்கம் இருந்தது?

பணம் உள்ளூர்ப் பெரியமனிதர்களின் கைக்குப் போய்விடும் என்பீர்கள். போகலாம், போயும் இருக்கிறது. ஆனால் சந்துக்குள் கணக்குக் கேட்பவர் பக்கத்து வீட்டுக்காரர். அவரை ஏமாற்றுவது உங்கள் தணிக்கையாளரை ஏமாற்றுவதைவிடக் கடினம்.

உள்ளூர் அமைப்புகளை நலிவடையச் செய்வது நிதி வரும் விதம்தான். இரண்டு, மூன்று ஆண்டுத் திட்டத்துக்குப் பணம் வரும். பயிலரங்குக்கு உண்டு, பதாகைக்கு உண்டு, வெளியிலிருந்து வரும் ஆலோசகரின் விமானச் சீட்டுக்கும் உண்டு. அலுவலக வாடகைக்கும் கணக்காளரின் சம்பளத்துக்கும் மட்டும் இல்லை. திட்டம் முடிந்ததும் கணக்காளர் வேறு வேலை தேடிப் போவார். அந்த அமைப்பின் அடுத்த விண்ணப்பத்தின்மேல் “நிதி மேலாண்மைத் திறன் குறைவு” என்று நீங்களே எழுதுவீர்கள்.

நகர நிர்வாகத்திலும் இதே கதைதான். வரைபடமும் ஒப்பந்தமும் தயாரான பிறகு மக்களைக் கூட்டி, வருகைப் பதிவேட்டில் கையெழுத்து வாங்கினால் அது பங்கேற்பு ஆகிவிடாது. பிரேசிலின் போர்ட்டோ அலெக்ரே 1989இல் தொடங்கிய பங்கேற்பு வரவுசெலவு முறையில், நகரின் முதலீட்டுப் பணம் எந்தப் பகுதியில் எதற்குச் செலவாக வேண்டும் என்பதை மக்கள் பேரவைகள் விவாதித்து வரிசைப்படுத்தின. வசதி குறைந்த பகுதிகளுக்குக் கூடுதல் மதிப்பெண் கொடுக்கும் விதியும் இருந்தது. அந்த முறை பிறகு உலகெங்கும் பரவியது. பிறந்த ஊரிலோ 2017இல் நகராட்சி அதை நிறுத்திவைத்தது. ஆட்சியாளரின் நல்லெண்ணத்தை மட்டும் நம்பும் பங்கேற்பு எவ்வளவு எளிதாக நின்றுபோகும் என்று காட்ட இதைவிட வேறு சான்று வேண்டாம். நகர மன்றத்துக்கு வெளியே, நின்றுபோனதை ஏன் என்று தட்டிக்கேட்கும் வலு உள்ள குடியிருப்போர் அமைப்புகள் தேவை. அவற்றுக்கும் வாடகை உண்டு.

தாய்லாந்து 2003இல் தொடங்கிய ‘பான் மன்கோங்’ குடியிருப்புத் திட்டத்தில் அரசின் மானியமும் கடனும் குடியிருப்போர் குழுக்களுக்கே போயின. எங்கே, எப்படிக் கட்டுவது என்பதில் அவர்கள் சொல்லுக்கு எடை இருந்தது. ஓர் அரசால் முடிந்தது உங்கள் விதிமுறைகளால் முடியாதா?

நான் கேட்பவை சில. உள்ளூர் அமைப்புகளின் அன்றாடச் செலவுக்கு, திட்டத்தோடு கட்டிப்போடாமல், ஐந்தாண்டுக்குக் குறையாத நிதி கொடுங்கள். நகரங்களுக்குக் கடன் கொடுக்கும்போது, ஒரு பகுதியை மக்களின் முடிவுக்கு விட்டு, அந்த முடிவு நகராட்சியைக் கட்டுப்படுத்தும் என்று ஒப்பந்தத்திலேயே எழுதுங்கள். உங்கள் பணத்தில் எவ்வளவு இடைத்தரகு அமைப்புகளில் தங்குகிறது, எவ்வளவு அந்தந்த ஊர் அமைப்பின் கணக்கில் ஏறுகிறது என்பதை ஆண்டுதோறும் அந்த ஊர் மொழியில் வெளியிடுங்கள். முதல் கணக்கை அடுத்த நிதியாண்டு முடிவில் எதிர்பார்க்கிறேன்.

இப்படிக்கு,
நகரவாசி ஒருவர்