சென்சார் மாட்டினால் மட்டும் போதாது

ஆசிரியர் அவர்களுக்கு,

கங்கைகொண்டான் சிப்காட் ஆலைகள் முதல், 19 கிலோ சிலிண்டர்களை வரிசையாக இணைத்து அல்வா கிண்டும் கூடங்கள் வரை, எரிவாயு சென்சார் வாங்கிச் சுவரில் மாட்டிவிட்டால் வேலை முடிந்தது என்ற நினைப்பு இருக்கிறது. சென்சார்களை இணைக்கும் கட்டுப்பாட்டுப் பெட்டியான பேனலில் பச்சை விளக்கு எரிந்தால் சரி என்று விட்டுவிடுகிறார்கள். பச்சை எரியும்போதே உள்ளே சென்சார் செத்துக் கிடக்கலாம்.

முதல் தவறு உயரம். எல்பிஜி காற்றைவிட ஒன்றரை முதல் இரண்டு மடங்கு கனமானது. கசிந்தால் தரையோடு படர்ந்து கேபிள் டிரெஞ்சிலும் வடிகால் குழியிலும் தேங்கும். ஆகவே சென்சார் தரையிலிருந்து சுமார் 30 செ.மீ. உயரத்தில், முகம் கீழே பார்த்தபடி இருக்க வேண்டும். தரை கழுவும் தண்ணீர் தெறிக்கிறது என்று அதை ஆள் உயரத்துக்கு ஏற்றுவது வீண். தெறிப்பு மூடி வாங்கிப் போடலாம். குழாய்வழி இயற்கை எரிவாயுவுக்கு மாறினால் கணக்கு தலைகீழ். அது லேசானது, கூரையடியில் சேரும். பர்னரை மாற்றும்போதே சென்சாரையும் இடம் மாற்ற வேண்டும். திறந்த ஷெட்டில் ஒரே சென்சாரை நம்ப முடியாது. ஆனி, ஆடி மேல்காற்று கசிவைக் கிழக்கே தள்ளும், மார்கழி வாடை வேறு பக்கம் தள்ளும். 2023 டிசம்பர் போல வெள்ளம் ஏறி மூழ்கிய சென்சாரைத் துடைத்துக் காயவைத்து மறுபடி மாட்டவே கூடாது.

வயரிங்கில்தான் பெரும்பாலான கோளாறு. பேனலில் 24 வோல்ட் இருக்கிறதே என்பார்கள். பார்க்க வேண்டியது கடைசிச் சென்சாரின் முனையில். 300 மீட்டர் தூரத்தில் நான்கு சென்சார்கள், ஒவ்வொன்றும் 0.2 ஆம்பியர் இழுக்கிறது, நான்குக்கும் சப்ளை ஒரே ஜோடி வயரில் போகிறது என்று வைத்துக்கொள்வோம். 1 சதுர மி.மீ. செம்புக் கம்பியில் போக வர 600 மீட்டருக்கு ஏறக்குறைய 11 ஓம். இழப்பு 8.7 வோல்ட், முனையில் மிஞ்சுவது 15 சொச்சம். பல கருவிகள் 18 வோல்ட்டுக்குக் கீழே வேலை செய்யாது. 1.5 சதுர மி.மீ. போட்டால் விளிம்பில் தப்பும், ஆனால் கரண்ட் போய் பேட்டரி 22 வோல்ட்டுக்கு இறங்கியதும் அதுவும் போச்சு. 2.5 போட்டால்தான் நிம்மதி.

கேபிளுக்குள் சிக்னல் வயர்களைச் சுற்றியுள்ள உலோக உறையான ஷீல்டைப் பேனல் பக்கம் மட்டும் எர்த் செய்ய வேண்டும். சென்சார் பக்கம் வெட்டி இன்சுலேஷன் செய்துவிட வேண்டும். இரண்டு பக்கமும் எர்த் செய்தால், வெல்டிங் மெஷின் ஓடும்போதெல்லாம் வாயு அளவைப் பேனலுக்குச் சொல்லும் 4-20 மில்லி ஆம்பியர் சிக்னல் துள்ளும். பொய் அலாரம் அடித்து அடித்துச் சலித்துப்போய் யாரோ சைரனைக் கழற்றி வைத்துவிடுவார்கள். கேபிளின் வெளிக்கம்பிக் கவசமான ஆர்மர் அப்படியல்ல, அதை கேபிள் பெட்டிக்குள் நுழையும் இடத்தில் இறுக்கிப் பிடிக்கும் கிளாண்ட் வழியாக எர்த் செய்தே ஆக வேண்டும். கிளாண்ட் ஃபிளேம்புரூஃப் (உள்ளே தீப்பற்றினாலும் வெளியே பரவவிடாத) சான்று பெற்றதாகவும், உபயோகிக்காத துளையில் சான்று பெற்ற உலோக பிளக்கும் இருக்க வேண்டும். பிவிசி டேப் சுற்றி அடைப்பது ஃபிளேம்புரூஃப் பெட்டி வாங்கிய காசைத் தூக்கி எறிவதுதான்.

மழைநீர் இறங்காமலிருக்க கிளாண்டைச் சுற்றி சிலிகான் சீலன்ட் பூசுகிற பழக்கமும் உண்டு. பாசிமணி போன்ற சிறு மணியில் வாயுவை எரித்து அந்தச் சூட்டை அளக்கும் வினையூக்கி வகைச் சென்சாருக்கு சிலிகான் ஆவி விஷம். உள்ளேயுள்ள மணியின் மேல் படிந்தால் வாயு வந்தாலும் அது எரியாது, சூடேறாது. அளவு பூஜ்யத்திலேயே நிற்கும், பேனல் ஃபால்ட்டும் (கோளாறு எச்சரிக்கை) காட்டாது. கேபிளைக் கீழிருந்து வளைத்து ஏற்றினாலே தண்ணீர் வளைவில் சொட்டிவிடும், சீலன்ட் தேவைப்படாது. வாயுவை எரிக்காமல் அகச்சிவப்பு ஒளியால் அறியும் வகைக்கு இந்த விஷப் பயம் இல்லை, விலைதான் கூடுதல். ஹைட்ரஜனையும் அது காணாது.

செத்த சென்சாரைக் கண்டுபிடிக்க வாயு கொடுத்துப் பார்ப்பதே வழி. சிகரெட் லைட்டரைக் காட்டிப் பார்ப்பது சோதனை ஆகாது. அளவு மீறிய பியூட்டேன் மணியையே கெடுக்கும், காட்டும் எண் சரியா என்பதும் தெரியாது. சென்சார் காட்டும் அளவைச் சரிசெய்வதற்கான, அளவு குறித்த காலிப்ரேஷன் வாயுவைத்தான், தயாரிப்பாளர் சொன்ன வேகத்தில், சென்சார் முகத்தில் கப் மாட்டிச் செலுத்த வேண்டும். எந்த வாயு என்பதும் முக்கியம். மீத்தேனில் சரிசெய்த சென்சார் எல்பிஜியைக் குறைத்தே காட்டும். வெடிப்பின் கீழ் வரம்பில் (காற்றில் வாயு வெடிக்கத் தொடங்கும் குறைந்த அளவில்) 20 சதவீதத்தில் அடிக்க வேண்டிய அலாரம் 30-ஐத் தாண்டித்தான் அடிக்கும். எல்பிஜியில் உள்ள ப்ரொபேனின் கீழ் வரம்பே காற்றில் 2.1 சதவீதம்தான்.

ஆலை முதலாளிகள் ஒர்க் ஆர்டரிலேயே எழுதிவிடலாம்: ஒவ்வொரு சென்சார் முனையிலும் முழு லோடில் அளந்த வோல்டேஜ், எந்த வாயுவில் காலிப்ரேஷன் செய்தது, அலாரம் வந்ததும் வாயுவைத் தானாக அடைக்கும் மின் வால்வான ஸோலனாய்டு வால்வு மூடியதா, ஒரு சென்சார் வயரைக் கழற்றினால் பேனலில் ஃபால்ட் விழுகிறதா. இந்த நான்கும் எழுத்தில் வரும்வரை கடைசித் தவணையைக் கொடுக்க வேண்டாம்.

இப்படிக்கு,
தொழிற்சாலைக் கருவிப் பராமரிப்பாளர்கள் சிலர்,
பேட்டை, திருநெல்வேலி