மிதிவண்டித் தாங்கி சக்கரத்தை எங்கே பிடிக்க வேண்டும்?

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

மிதிவண்டி ஓட்டுவதால் உடலுக்கும் சுற்றுச்சூழலுக்கும் விளையும் நன்மைகளைப் பற்றித் தங்கள் நாளிதழில் அவ்வப்போது கட்டுரைகள் வருகின்றன. ஓட்டி முடித்த வண்டியை வீட்டில் எங்கே, எப்படி நிறுத்துவது என்பதைப் பற்றி மட்டும் எவரும் எழுதக் காணோம். ஆசையாக வாங்கிய வண்டி மூலையில் முடங்குவதற்கு இதுவும் ஒரு காரணம் என்று நான் உறுதியாக நம்புகிறேன். ஒரு வண்டியை எடுக்க மற்ற இரண்டை நகர்த்த வேண்டும், நகர்த்தும்போது ஒன்றின் பெடல் இன்னொன்றின் போக்ஸ் கம்பிக்குள் சிக்கிக்கொள்ளும் என்றால், அவசரத்தில் இருப்பவர் சைக்கிளை விட்டுவிட்டு வேறு வழியில்தான் கிளம்புவார். அடுக்குமாடிக் கட்டடங்களில் படிக்கட்டின் அடியிலும் நடைவழியிலும் சாய்த்து வைக்கப்படும் வண்டிகளோ, தீ விபத்து நேர்ந்தால் மக்கள் வெளியேறும் வழியையே அடைத்துவிடும்.

சுவரில் கொக்கி அடித்து வண்டியைத் தொங்கவிடலாம் என்று சிலர் யோசனை சொல்கிறார்கள். வாடகை வீட்டில் சுவரைத் துளையிட அனுமதி கிடைப்பது அரிது. 20 கிலோ எடையுள்ள பழைய வகை வண்டியை முதியவரோ சிறுவரோ தலைக்கு மேல் தூக்கி மாட்டுவதும் நடக்காத காரியம். ஆகவே தரையில் வைக்கும் தாங்கியே பெரும்பாலான வீடுகளுக்குப் பொருந்தும். ரம்பமும் துளையிடும் கருவியும் பிடிக்கத் தெரிந்த எவரும் அதை வீட்டிலேயே செய்துவிடலாம். ஆனால் பலரும் செய்யும் தாங்கியில், ஏன், பல பொதுக் கட்டடங்களின் வாசலில் பதித்திருக்கும் இரும்புத் தாங்கிகளிலும், அடிப்படையான ஒரு குறை இருப்பதைச் சுட்டிக்காட்டவே இக்கடிதத்தை எழுதுகிறேன். அவை சக்கரத்தின் அடிப்பகுதியை மட்டும் பிடிக்கின்றன.

மிதிவண்டிச் சக்கரம் மேலிருந்து வரும் எடையைத் தாங்குவதில் வியக்கத்தக்க வலிமை உடையது. பக்கவாட்டு விசைக்கு அது அவ்வளவு எளிதில் ஈடுகொடுப்பதில்லை. இழுவிசையில் நிற்கும் ஆரக்கம்பிகள் (போக்ஸ் கம்பிகள்) முன்சக்கரத்தின் குடத்தில், அதாவது அச்சைச் சுற்றியுள்ள நடுப்பகுதியில், ஏறக்குறைய 7 செ.மீ. இடைவெளியில் உள்ள இரண்டு விளிம்புகளிலிருந்து கிளம்பி, சுமார் 25 முதல் 30 செ.மீ. வரை தொலைவில் உள்ள ரிம்மைப் பிடித்துக்கொண்டிருக்கின்றன. அந்தக் குறுகிய அகலம்தான் சக்கரம் பக்கவாட்டில் வளையாமல் காக்கிறது. வண்டியின் கைப்பிடியோ தரையிலிருந்து கிட்டத்தட்ட ஒரு மீட்டர் உயரத்தில் இருக்கிறது. தாங்கி 10 அல்லது 12 செ.மீ. உயரத்தில் மட்டும் ரிம்மைக் கவ்வியிருக்கும்போது யாராவது கைப்பிடியில் இடித்தால், அந்த விசை நெம்புகோலைப் போலப் பல மடங்காகி ரிம்மின் ஒரே இடத்தில் இறங்குகிறது. சக்கரத்தில் கோட்டம் விழுவது அப்படித்தான். பிறகு பிரேக் ஒரு பக்கம் உரசும்; கோட்டம் எடுக்கக் கடைக்குப் போக வேண்டும். வண்டியைக் காக்க வைத்த தாங்கியே வண்டியைக் கெடுப்பது என்ன நியாயம்?

இதற்குத் தீர்வு எளியது. சக்கரத்தைக் கீழே இரண்டு இடங்களிலும், குடத்தின் உயரத்தையொட்டி முன்புறம் ஓரிடத்திலும் பிடிக்க வேண்டும். பெரியவர்கள் ஓட்டும் வண்டிகளின் சக்கர விட்டம், டயரையும் சேர்த்து, பொதுவாக 66 முதல் 72 செ.மீ. வரை இருக்கும். தரையில் இரண்டு மரச்சட்டங்களைச் சக்கரத்துக்குக் குறுக்கே, ஒன்றுக்கொன்று இணையாக, உள்விளிம்புகளுக்கு இடையே 30 செ.மீ. விட்டு வைத்தால், இந்த அளவுள்ள சக்கரம் அவற்றின் இடையில் சுமார் மூன்றரை செ.மீ. இறங்கி உட்காரும். சட்டத்தின் உயரம் 4 செ.மீ. என்றால் டயர் தரையைத் தொடாமல் இரண்டு விளிம்புகளிலும் அமர்ந்து, முன்னும் பின்னும் உருளாமல் நிற்கும். 50 செ.மீ. விட்டமுள்ள சிறுவர் சக்கரத்துக்கு இந்த இடைவெளி அதிகம். அது இன்னும் ஆழமாக இறங்கித் தரையில் இடிக்கும். அதற்கு 25 செ.மீ. போதும்.

மூன்றாவது பிடிமானத்துக்கு, முன் சட்டத்தைத் தாண்டி மேலும் 18 செ.மீ. தள்ளி, தரையிலிருந்து 40 செ.மீ. உயரத்தில் ஒரு குறுக்குச் சட்டம் வேண்டும். அதில் ஒவ்வொரு வண்டிக்கும் இரண்டு கட்டைகளைச் சக்கரத்தை நோக்கி 8 செ.மீ. நீட்டியவாறு பொருத்தினால், டயரின் முன்பகுதி அவற்றின் நடுவே நுழைந்து நின்றுகொள்ளும். கட்டைகளுக்கு இடையே டயரின் அகலத்தைவிட 5 முதல் 8 மி.மீ. வரை மட்டுமே கூடுதலாக விட வேண்டும். அதற்கு மேல் விட்டால் வண்டி ஒரு பக்கமாகத் தலை சாய்த்து நிற்கும். குறைத்தால் ஒவ்வொரு முறையும் பிடித்து இழுக்க நேரும். டயரைக் கவ்வும் இந்த இடம் கைப்பிடிக்கு அருகில் இருப்பதால் முன்பு சொன்ன நெம்பு விசை வெகுவாகக் குறைகிறது. டிஸ்க் பிரேக் உள்ள வண்டியிலும் தகட்டின் மேல் எதுவும் படாது. பின்சக்கரத்தைவிட முன்சக்கரத்தை நுழைப்பதே நல்லது. பின்பக்க மட்கார்டு தாழ இறங்கி வருவதால் அந்தப் பக்கம் இப்படிப் பிடிக்க இடம் கிடைக்காது.

வண்டிக்கு வண்டி இடைவெளி விடுவதில்தான் பலரும் கஞ்சத்தனம் செய்கிறார்கள். கைப்பிடிகள் 55 முதல் 65 செ.மீ. வரை அகலம் உடையவை என்பதால் 40 செ.மீ. இடைவெளியில் அவை மோதிக்கொள்ளும். ஒன்றுவிட்டு ஒன்றை 20 செ.மீ. உயர்த்தி வைத்தால் மோதாது என்பது உண்மைதான். எனினும் இரண்டு மூன்று வண்டிகள் மட்டுமே உள்ள வீட்டில் அந்தச் சிக்கலுக்குள் போகாமல் 70 செ.மீ. விட்டுவிடலாம் என்பது என் கருத்து. ஒற்றை வண்டிக்குச் செய்கிறவர்களும் அடிச்சட்டத்தைப் பக்கவாட்டில் அதே 70 செ.மீ. அகலத்துக்கு நீட்ட வேண்டும். குறுகலாகச் செய்தால் வண்டியும் தாங்கியும் சேர்ந்தே கவிழும்.

பொருளைப் பொறுத்தவரை மரமே என் முதல் தேர்வு. பிவிசி குழாய் எடைக்கு வளைந்து கொடுக்கும்; வெயிலில் நாளடைவில் நொறுங்கும் தன்மை அடையும். இரும்பு உறுதியானது, ஆனால் வெல்டிங் தெரிந்தவரை நாட வேண்டும். மரத்தில் செய்யும்போது ஆணி அடிப்பதைத் தவிர்க்க வேண்டும். வண்டியை ஏற்றி இறக்கும் ஒவ்வொரு முறையும் மூட்டு ஆட்டம் காண்பதால், ஆணி சிறிது சிறிதாக வெளியே வந்துவிடும். சட்டங்களை ஒன்றன்மேல் ஒன்று படியவைத்து, முன்னதாகவே துளையிட்டு, இருபுறமும் வாஷருடன் போல்ட் முடுக்குவதே நிலைக்கும். மேல் சட்டத்தைத் தாங்கும் இரண்டு ஓரங்களிலும் ஒரு குறுக்குக் கட்டையைச் சாய்வாகக் கொடுத்து முக்கோணமாக்காவிட்டால், எத்தனை போல்ட் போட்டாலும் ஆட்டம் நிற்காது. கட்டைகளின் உட்புறத்தில் பழைய ட்யூபை நறுக்கி ஒட்டினால் வண்டியில் கீறல் விழாது. அதையே அடியில் ஒட்டினால் தாங்கி தரையில் வழுக்காது.

தங்கள் நாளிதழின் இணைப்பிதழ் ஒன்றில் இத்தகைய தாங்கியின் வரைபடத்தை அளவுகளுடன் அரைப் பக்கத்தில் வெளியிட வேண்டும் எனக் கேட்டுக்கொள்கிறேன். கட்டடங்களுக்கு மிதிவண்டி நிறுத்துமிடம் வடிவமைப்போரும், பள்ளி வளாகங்களில் தாங்கி அமைக்க ஒப்பந்தம் எடுப்போரும், தாழ்வான இரும்பு வளையங்களுக்குப் பதிலாகக் குடத்தின் உயரத்தில் பிடிக்கும் தாங்கிகளை அமைக்க முன்வர வேண்டும். அதற்கு ஆகும் கூடுதல் பொருள், ஒரு வரிசைக்கு ஒரே ஒரு குறுக்குச் சட்டமும் அதைத் தாங்கும் இரு கால்களும் சில கட்டைகளும்தான்.

இப்படிக்கு,
மிதிவண்டி ஓட்டும் வாசகர் ஒருவர்