ராஸ்பெர்ரி என்று சொல்லிச் சிவப்புத் தண்ணீர் ஊற்ற வேண்டாம்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். ஞாயிறு மலரில் வந்த ராஸ்பெர்ரி காக்டெயில் செய்முறையைப் படித்துவிட்டு, குடும்பப் பத்திரிகையில் இதெல்லாம் தேவையா என்று ஒரு வாசகர் எழுதியிருந்தார். அவர் கோபம் அவருக்கு. எனக்கு வந்த கோபம் வேறு. தலைப்பில் பழத்தின் பெயரைப் போட்டுவிட்டு, தேவையான பொருட்களில் ‘ராஸ்பெர்ரி எசன்ஸ் சில சொட்டு, சிவப்பு கலர் ஒரு சிட்டிகை’ என்று போட்டிருக்கிறீர்களே, அப்புறம் பழம் எதற்கு?

கன்னியாகுமரி மாவட்டம் தக்கலையில் ஜூஸ் கடை வைத்திருக்கிறேன். கல்யாண சீசனில் மண்டபங்களுக்கு வெல்கம் டிரிங்க் போட்டுக் கொடுப்பதும் உண்டு, ஆக இதில் என் வியாபாரமும் இருக்கிறது, மறைக்கவில்லை. நம் மாவட்டத்தில் இப்போது எந்த மண்டபத்துக்குப் போனாலும் வாசலிலேயே சிவப்பாக ஒரு கிளாஸை நீட்டுகிறார்கள், என்ன ஜூஸ் தம்பி என்று கேட்டால் ராஸ்பெர்ரி என்கிறான், ராஸ்பெர்ரி அந்தப் பக்கம் எட்டிக்கூடப் பார்த்திருக்காது. சிரப் குப்பியைத் திருப்பிப் பாருங்கள். சர்க்கரை, சிட்ரிக் ஆசிட், ஃப்ளேவர், கடைசியில் பொடி எழுத்தில் 122 அல்லது 124 என்று ஒரு எண். செயற்கைச் சிவப்புச் சாயங்களின் எண்கள் அவை. அளவோடு சேர்க்க அனுமதி இருக்கிறது, சரி, சேர்த்துக்கொள்ளட்டும், பழம் என்று மட்டும் சொல்ல வேண்டாம். பிள்ளைகள் வந்து கேட்கிற ‘ப்ளூ ராஸ்பெர்ரி மொஹிட்டோ’ இன்னும் வேடிக்கை. அந்த நீலத்தில் ராஸ்பெர்ரியே கிடையாது. அமெரிக்காவில் ஐஸ் விற்றவர்கள் ராஸ்பெர்ரிக்கு ஓர் அடர்சிவப்புச் சாயம் போட்டுவந்தார்கள், அதன்மேல் சந்தேகம் கிளம்பியது (1976இல் அங்கே தடையே வந்தது), செர்ரியும் ஸ்ட்ராபெர்ரியும் ஏற்கெனவே சிவப்பாக இருக்க, இதை நீலத்துக்கு மாற்றிவிட்டார்கள். அதுதான் இங்கே நம் கடைகளில் வந்து நிற்கிறது.

உங்கள் குறிப்பில் ‘பழம் கிடைத்தால் கொதிக்க வைத்து மிக்சியில் அடிக்கவும்’ என்றும் ஒரு வரி இருந்தது. இரண்டும் வேண்டாம். கொதித்தால் மணம் போய் ஜாம் வாடை வந்துவிடும், மிக்சியில் அடித்தால் விதை உடைந்து துவர்ப்பு இறங்கும். ராஸ்பெர்ரி குளிர் ஊர்ப் பழம், பறித்த பின் நாலு நாள் தாங்காது, அதனால் புதிதாய்ப் பறித்த பழத்துக்கு அலைய வேண்டியதில்லை. ஃப்ரீசரில் வைத்து விற்கும் பழமே நம் வேலைக்கு நல்லது, ஏனென்றால் உறையும்போதே உள்ளே திசு கிழிந்திருக்கும், உருகினால் சாறு தானாக விடும். கால் கிலோ பழத்துக்கு 200 கிராம் சர்க்கரை தூவி, கண்ணாடி அல்லது எவர்சில்வர் பாத்திரத்தில் மூடி ஃப்ரிட்ஜில் ஓர் இரவு வையுங்கள். காலையில் பார்த்தால் பழம் துவண்டு கிடக்கும், சுற்றிலும் அடர்சிவப்பாகச் சாறு நிற்கும். வடிகட்டியில் ஊற்றிக் கரண்டியின் முதுகால் மெதுவாக அழுத்தினால் விதை மேலே தங்கிவிடும். இந்தச் சிரப்பில் மூன்று கரண்டி, அரை எலுமிச்சை, உப்பு ஒரு நுள்ளு, ஐஸ், கடைசியாக சோடா. சோடாவை முதலில் ஊற்றிவிட்டுக் கலக்கினால் நுரை பொங்கிக் காற்றெல்லாம் போய்விடும். நம் மலைக் கிராம்பு, புவிசார் குறியீடு வாங்கியதே, அதில் இரண்டைச் சர்க்கரையோடு போட்டு வைத்துப் பாருங்கள், நன்றாக இருக்கும். இரண்டுக்கு மேல் போட்டால் பல்வலி மருந்து வாடை அடிக்கும்.

எலுமிச்சையை விட்டுவிடாதீர்கள். ராஸ்பெர்ரியின் சிவப்பு புளிப்பில்தான் நிற்கும். சந்தேகமிருந்தால் மண்டபத்தில் தருகிற கிளாஸிலிருந்து கொஞ்சம் எடுத்து ஆப்பச் சோடாவைத் தாராளமாகப் போட்டுக் கலக்குங்கள். பழச்சாறாக இருந்தால் நீலமும் சாம்பலுமாக மங்கிப்போகும், சாயத் தண்ணீர் அநேகமாக அதே சிவப்பில் நிற்கும். இது ஆய்வகச் சோதனை ஆகிவிடாது, ஆனாலும் சமையல்காரரிடம் பேச்சைத் தொடங்க இது போதும்.

மதுவைப் பற்றிக் கவலைப்பட்ட வாசகருக்கும் ஒன்று சொல்லிவிடுகிறேன். முதல் உலகப் போருக்கு முன்பே அமெரிக்காவின் பிலடெல்பியாவில் பேர்போன ‘க்ளோவர் கிளப்’ என்ற காக்டெயிலில் ஜின், எலுமிச்சை, முட்டை வெள்ளைக்கரு, ராஸ்பெர்ரி சிரப் சேரும். அதில் ஜின்னை எடுத்துவிட்டு சோடா ஊற்றினாலும் குடிக்க முடிகிறது, சிரப்பை எடுத்துவிட்டால் ஒன்றும் மிஞ்சாது. குடிப்பவர் குடிக்கட்டும், குடிக்காதவர் விடட்டும், சிரப் நல்லதாக இருக்க வேண்டும், அவ்வளவுதான்.

கல்யாணம் வைத்திருப்பவர்களுக்கு ஒரு வார்த்தை: ஆர்டர் கொடுக்கும்போதே எந்தப் பழம், பாக்கெட்டைக் காட்டுங்கள் என்று கேளுங்கள். ராஸ்பெர்ரி விலை கட்டாது என்று அவர் சொன்னால் அது உண்மைதான், ஆயிரம் பேருக்கு யாருக்கும் கட்டாது. அப்போது குலசேகரம் பக்கம் ரப்பர் கன்றுகளுக்கு நடுவே விளைகிற அன்னாசியை இஞ்சியும் எலுமிச்சையும் சேர்த்துப் போடச் சொல்லுங்கள், பெயரையும் அன்னாசி என்றே சொல்லச் சொல்லுங்கள்.

இப்படிக்கு,
ஜூஸ் கடைக்காரர் ஒருவர், தக்கலை