கத்தரிக்காயின் இடத்தில் கோழி

பலெர்மோ, சிசிலி

அன்புள்ள தோழி,

நியூஜேர்சியிலிருந்து நீ எழுதிய கடிதம் போன கிழமை கிடைத்தது. முழங்கால் நோவு குறைந்து நீ மீண்டும் கோயிலுக்கு நடந்து போகிறாய் என்று வாசித்தபோது மனம் ஆறியது. பேரனின் பிறந்தநாளுக்குக் கோழிப் பார்மிஜானா செய்ததாக எழுதி, "உங்கள் இத்தாலியில் இதை எப்படிச் செய்வார்கள்?" என்று கேட்டிருக்கிறாய்.

நான் இங்கே வந்து இருபத்தெட்டு வருடம். அதில் பத்தொன்பது வருடம் இந்த ஒரு வீட்டுக் குசினியில்தான் நிற்கிறேன். வந்த புதிதில் எனக்கு உடனே விளங்கிய இத்தாலியச் சொல்லும் குச்சீனாதான்; போர்த்துக்கேயர் நம் ஊரில் விட்டுப்போன சொல் இங்கே எனக்குக் கைகொடுத்தது. ஆனால் இத்தனை வருடத்தில் கோழிப் பார்மிஜானாவை யாரும் சமைத்து நான் பார்த்ததில்லை. வீட்டு அம்மாவிடம் உன் கடிதத்தைச் சொன்னேன். "கோழியா? கத்தரிக்காய் எங்கே போயிற்று?" என்று கேட்டார்.

இங்கே பார்மிஜானா என்றால் கத்தரிக்காய். அதை நீளவாக்கில் வெட்டி, உப்புத் தூவி நீர் வடியவிட்டு, எண்ணெயில் பொரித்து, தக்காளிக் குழம்பும் துளசியும் சீஸும் இடையிடையே வைத்து அடுக்கிப் போறணையில் வைப்போம். சுடச்சுடச் சாப்பிடுவதைவிட ஆறவிட்டு மறுநாள் சாப்பிட்டால்தான் ருசி. இங்கிருந்து நியூயோர்க்குக்குப் போனவர்கள் அடுக்கையும் குழம்பையும் சீஸையும் அப்படியே வைத்துக்கொண்டு, கத்தரிக்காய் இருந்த இடத்தில் கன்றிறைச்சியையும் கோழியையும் வைத்தார்கள்.

இது ஏன் என்று பல நாள் யோசித்திருக்கிறேன். எனக்கு விடை சொன்னது சாளை மீன். இந்த ஊரில் 'சார்தே ஆ பெக்காஃபீக்கோ' என்று ஒரு சாப்பாடு உண்டு. பெக்காஃபீக்கோ என்பது அத்திப்பழம் கொத்தித் தின்னும் ஒரு சிறு குருவி. பிரபுக்கள் வீட்டில் அந்தக் குருவியைச் சமைப்பார்கள். அதற்கு வழியில்லாத ஏழைகள் சாளையை விரித்து முள் எடுத்து, பாண் தூளும் உலர்திராட்சையும் பைன் கொட்டையும் வைத்துச் சுருட்டி, வாலைக் குருவியின் வால்போல நிமிர்த்தி வைத்தார்கள். சீஸ் வாங்க முடியாத வீட்டில் வறுத்த பாண் தூளையே பாஸ்தாவின் மேல் தூவினார்கள். இல்லாத ஒன்றின் இடத்தில் இருக்கும் ஒன்றை வைத்து, அதையும் ருசியாக்கிவிட்ட கை இது.

அந்தக் கைதான் கப்பல் ஏறியது. 1880 முதல் 1924 வரை 40 இலட்சத்துக்கும் அதிகமான இத்தாலியர்கள் அமெரிக்கா போனார்கள். பெரும்பாலோர் நாபோலி, கலாப்ரியா, சிசிலி போன்ற தெற்குப் பகுதிகளைச் சேர்ந்த ஏழைகள். பெருநாளில் மட்டும் இறைச்சி கண்டவர்கள், அங்கே கூலிப் பணத்தில் ஞாயிறுதோறும் வாங்கினார்கள். இங்கே நான் உருட்டும் இறைச்சி உருண்டையில் பாதி பாண்தான். சிறிதாக உருட்டி, பாஸ்தா சாப்பிட்டு முடித்தபின் வேறு தட்டில் வைப்போம். உன்னிடம் வந்திருந்தபோது நியூஜேர்சியில் ஒரு கடையில் சாப்பிட்டோமே, ஸ்பகெட்டியின் மேல் தோடம்பழம் அளவில் மூன்று உருண்டைகள்! இந்த அம்மா அதைக் கண்டால் பாஸ்தாவை ஒரு தட்டுக்கும் இறைச்சியை இன்னொரு தட்டுக்கும் பிரித்துவிட்டுத்தான் கரண்டியைத் தொடுவார்.

உள்ளியும் அப்படித்தான். அந்தக் கடையில் அதன் மணம் வாசலிலேயே வந்தது. இங்கே ஒரு பல்லை எண்ணெயில் போட்டு, பொன்னிறமானதும் எடுத்து எறிந்துவிடுகிறேன். அல்ஃபிரெடோ பாஸ்தா ரோமில் பிறந்தது. வெண்ணெயும் பார்மிஜானோ சீஸும் மட்டுமே அதில் உண்டு. பாலேடு அமெரிக்காவில் சேர்ந்தது. உன் மகன் இங்கே வந்து பெப்பரோனி பீட்சா கேட்டுக் கறிமிளகாய் போட்ட பீட்சாவைப் பார்த்து முகம் வாடியது நினைவிருக்கிறதா? பாவம் பிள்ளை. அங்கே அது காரமான இறைச்சித் துண்டு; இத்தாலியனில் பெப்பரோனி என்றால் கறிமிளகாய்தான்.

ஆனாலும் அமெரிக்காவில் செய்வதை இத்தாலியச் சமையலே இல்லை என்று இங்கே சிலர் தள்ளிவிடும்போது எனக்குக் கோபம் வருகிறது. இத்தாலி ஒரே நாடானதே 1861இல்தான். கப்பல் ஏறியவர்கள் நாபோலிக்காரராகவும் பலெர்மோக்காரராகவும் போனார்கள். நியூயோர்க்கில் ஒரே தெருவில் குடியிருந்து, ஒருவர் சட்டியை மற்றவர் எட்டிப் பார்த்தபோதுதான் அவர்களது சமையல் ஒன்றாயிற்று. உன் பக்கத்து வீட்டம்மா ஞாயிறு காலையில் அடுப்பேற்றி மத்தியானம் வரை கொதிக்கவிட்டு 'கிரேவி' என்று சொன்னாரே, அது நாபோலியில் 'ராகு' என்று சொல்லும் இறைச்சிக் குழம்பு. அவர் ரிகோத்தா என்ற சீஸை 'ரிகொத்' என்றதும் நாபோலிப் பக்கத்துப் பேச்சுத்தான். அங்கே கடைசி உயிரெழுத்தை விழுங்கிவிடுவார்கள். இவ்வளவு காலம் பேணி வைத்திருப்பவர்களை எப்படிப் போலி என்பது?

என் கூழை நினைத்துப் பார். அம்மா வைத்த ஒடியல் கூழில் மலிவு மீனும் மரவள்ளியும் பயற்றங்காயும் இருந்தன. நான் பல்லாரோச் சந்தையில் வாங்கி வைக்கும் கூழில் நண்டும் இறாலும் கணவாயும் நிரம்பிக் கிடக்கின்றன. ஒடியல் மா மட்டும் யாராவது ஊரிலிருந்து கொண்டுவந்தால்தான் உண்டு. அம்மா பார்த்தால் இதைக் கூழ் என்று ஒப்புக்கொள்வாரா தெரியாது. எனக்கு அது கூழ்தான்.

இந்தத் தெருவில் பிற்பகலில் மூன்று சக்கர வண்டி ஒன்று கூவிக்கொண்டு வரும். ஸ்பின்சியோனே விற்பார்கள்: பஞ்சுபோல் தடித்த மா, மேலே வெங்காயம், தக்காளி, நெத்தலி, பாண் தூள். நீங்கள் அங்கே 'சிசிலியன்' என்று வாங்கும் சதுரப் பீட்சா இதன் பேரப்பிள்ளை. நெத்தலி போய் மொத்சரெல்லாச் சீஸ் வந்திருக்கிறது. இந்த அம்மாவின் பாட்டனாரின் தம்பி, எலுமிச்சம்பழம் ஏற்றிய கப்பலில் நியூ ஓர்லியன்ஸ் போய்த் திரும்பவே இல்லையாம். அங்கே ஒரு பகுதியைக் குட்டிப் பலெர்மோ என்றே அழைத்தார்கள். இங்கே முஃபுலெத்தா ஒரு வட்டப் பாண். இறந்தவர்களை நினைக்கும் நவம்பர் 2 காலையில் எண்ணெயும் நெத்தலியும் வைத்துச் சாப்பிடுவோம். அந்த ஊரில் ஒரு சிசிலிக்காரர் 1906இல் திறந்த கடையில், அதே பாண் இறைச்சியும் சீஸும் ஒலிவ் ஊறுகாயும் அடைத்த பெரிய சாண்ட்விச் ஆகிவிட்டது.

இதை வீட்டு அம்மாவிடம் சொன்னேன். நெடுநேரம் பேசாமல் இருந்தார். பிறகு, "அந்தக் கோழியை ஒருநாள் எனக்குச் செய்து தா" என்றார். வருகிற ஞாயிறு செய்வதாக ஒத்துக்கொண்டிருக்கிறேன். கோழி நெஞ்சை எவ்வளவு மெல்லியதாகத் தட்டினாய், பாண் தூளில் சீஸ் கலந்தாயா, போறணையில் எத்தனை நிமிடம் என்று உடனே எழுது. எனக்குக் கத்தரிக்காய்தான் கைப்பழக்கம்.

உன் அதே வாங்குத் தோழி