வைரஸ் தடுப்பு விளம்பரங்களும் சங்கத்தின் பெயரும்: வணிகர் சங்க நிர்வாகிகளுக்கு ஒரு திறந்த மடல்

காரைக்குடி, தேவகோட்டை, பள்ளத்தூர், கோட்டையூர் முதலிய செட்டிநாட்டு ஊர்களின் வணிகர் சங்க நிர்வாகிகளுக்கு வணக்கம்.

நான் காரைக்குடியில் சில கடைகளுக்குக் கணினியில் கணக்கு எழுதிக் கொடுப்பவன். வைரஸ் தடுப்பு மென்பொருள் விற்பவர்களைச் சங்கக் கூட்டத்தில் பேச அழைப்பதற்கும், ஆண்டு மலரிலும் வாட்ஸ்அப் குழுவிலும் அவர்களுடைய விளம்பரத்தை வெளியிடுவதற்கும் முன்னால் அந்த மென்பொருளைப் பற்றி விசாரிக்க வேண்டும் என்று கேட்டுக்கொள்ளவே இதை எழுதுகிறேன். சங்கத்தின் பெயரோடு வருவதை உறுப்பினர்கள் விளம்பரமாகப் படிப்பதில்லை. சங்கமே பொறுப்பேற்றுச் சொன்னதாக நம்பிவிடுகிறார்கள்.

நான் கணக்கு எழுதும் பலகாரக் கடை ஒன்றில் சென்ற ஆண்டு நடந்ததைச் சொல்கிறேன். கடையை நடத்தும் ஆச்சி சிங்கப்பூருக்கும் மலேசியாவுக்கும் மணகோலமும் சீப்புச்சீடையும் பார்சல் அனுப்புபவர். தீபாவளி ஆர்டர்களைப் பார்த்துக்கொண்டிருந்தபோது திரை முழுவதும் சிவந்து, கணினியில் நூற்றுக்கணக்கான வைரஸ்கள் இருப்பதாக எச்சரிக்கை வந்தது. கோப்புகளை ஒவ்வொன்றாகச் சோதிப்பது போல ஒரு பட்டை நகர்ந்தது. அதன் கீழே மென்பொருள் வாங்கப் பணம் கட்டும் பொத்தான் இருந்தது. “கணக்கெல்லாம் போயிருமேன்னு பயந்து கட்டிப்புட்டேன் தம்பி” என்று அவர் சொன்னபோது எனக்கு மிகவும் வருத்தமாக இருந்தது. ஏனென்றால், அந்தப் பட்டை வெறும் அசையும் படம். உலாவியில் திறக்கும் இணையப் பக்கம் எதுவும் நம் வட்டில் உள்ள கோப்புகளைத் தானாகப் படிக்க முடியாதபடிதான் உலாவிகள் கட்டப்பட்டிருக்கின்றன. ஆகவே, உங்கள் கணினியில் வைரஸைக் கண்டுபிடித்துவிட்டதாக ஓர் இணையப் பக்கம் சொன்னால், அதற்குமேல் ஆராய ஒன்றுமில்லை, அது பொய். இதே தந்திரத்தால் வின்ஃபிக்சர் போன்ற பெயர்களில் மென்பொருள் விற்றவர்கள் மீது அமெரிக்காவின் நுகர்வோர் பாதுகாப்பு ஆணையமான ஃபெடரல் டிரேட் கமிஷன் 2008-இலேயே வழக்குத் தொடுத்தது. ஏமாந்தவர்கள் 10 லட்சத்துக்கும் மேல் என்று அந்த ஆணையம் கூறியது.

நேரில் கடைக்குப் போய் வாங்கினால் இந்தச் சிக்கல் இல்லை என்று சிலர் எண்ணுகிறார்கள். ஆனால், ஆபிஸ் டிப்போ என்ற பெரிய அமெரிக்கக் கடை நிறுவனம் இலவசமாகக் கணினியைச் சோதித்துத் தருவதாக அழைத்தது. கணினி மெதுவாக ஓடுகிறதா, தேவையற்ற விளம்பரங்கள் தோன்றுகின்றனவா என்பன போன்ற நான்கு குறிப்புகளில் ஏதேனும் ஒன்றில் டிக் செய்யப்பட்டிருந்தாலே, உள்ளே எதுவும் இல்லாவிட்டாலும், தீய மென்பொருளின் அறிகுறி இருப்பதாக அந்தச் சோதனை காட்டியது என்று அதே ஆணையம் குற்றம்சாட்டியது. 2019-இல் அந்த நிறுவனமும் மென்பொருளைச் செய்துகொடுத்த நிறுவனமும் சேர்ந்து 3.5 கோடி டாலர் கட்ட ஒப்புக்கொண்டன. இலவசச் சோதனை முகாம் நடத்த யாராவது சங்கத்தின் கூடத்தைக் கேட்டால் இதை நினைவில் கொள்ளுங்கள்.

உண்மையாகவே வைரஸைப் பிடிக்கும் மென்பொருளைப் பற்றியும் நாம் கேட்க வேண்டிய கேள்வி உண்டு. உலகம் முழுவதும் புகழ்பெற்ற வைரஸ் தடுப்பு நிறுவனமான அவாஸ்ட், பயனாளர்கள் எந்தெந்தத் தளங்களைப் பார்த்தார்கள் என்ற தகவலைத் திரட்டித் தன் துணை நிறுவனத்தின் வழியே விற்றதாகப் புகார் எழுந்து, 2024-இல் 1.65 கோடி டாலர் செலுத்த நேர்ந்தது. காவலுக்கு வைத்த ஆள், வீட்டுக்கு யார் வந்தார்கள் போனார்கள் என்பதை வெளியே விற்பதைப் போன்றது இது. நம் தகவலில் எதை எடுக்கிறீர்கள், எங்கே அனுப்புகிறீர்கள் என்று விற்பவரிடம் எழுத்தில் கேட்டு வாங்குங்கள்.

கொண்டுவிற்க, அதாவது கடல்கடந்து தொழில் நடத்த, பர்மாவுக்கும் மலாயாவுக்கும் ஆள் அனுப்பிய நம் ஊர் முதலாளிகள், மேலாள் சொன்ன வார்த்தையோடு நின்றுவிடவில்லை; அங்கிருந்து வந்த ஐந்தொகை என்னும் இருப்புநிலைக் கணக்கைப் பார்த்தார்கள். இங்கே ஐந்தொகையின் இடத்தில் இருப்பவை, விற்பனையில் பங்கில்லாத சோதனைக்கூடங்களின் அறிக்கைகள். ஜெர்மனியின் மாக்டபர்க் நகரில் உள்ள ஏவி-டெஸ்ட் நிறுவனம் பாதுகாப்பு, வேகம், பயன்பாட்டு எளிமை ஆகிய மூன்றுக்கும் தலா 6 என 18 புள்ளிகளுக்கு மதிப்பிடுகிறது. ஆஸ்திரியாவின் இன்ஸ்ப்ருக் நகரில் ஏவி-கம்பேரட்டிவ்ஸ் இதே பணியைச் செய்கிறது. துண்டுப்பிரசுரத்தில் அச்சிட்டிருக்கும் முத்திரையை நம்பாமல், அந்தக் கூடங்களின் தளத்துக்கே போய், மென்பொருளின் பெயர் அண்மைய அறிக்கையில் இருக்கிறதா என்று பாருங்கள். தீங்கற்ற கோப்பைத் தவறாக வைரஸ் என்று பிடித்த எண்ணிக்கையையும் பாருங்கள். களை பறிக்கிறேன் என்று பயிரைப் பிடுங்கும் மென்பொருள், வரிக்கணக்குத் தாக்கல் செய்யும் நாளில் கணக்கு நிரலையே முடக்கிவிடக்கூடும்.

விண்டோஸ் 10, 11 இரண்டிலும் டிஃபென்டர் என்ற வைரஸ் தடுப்பு தனிக் கட்டணமின்றி உடன்வருகிறது என்பது நம் கடைக்காரர்களில் பலருக்குத் தெரியவில்லை. வேறொரு தடுப்பு மென்பொருளை நிறுவினால் டிஃபென்டர் பொதுவாகத் தானே ஒதுங்கிக்கொள்ளும். எனவே, தரமற்ற ஒன்றைக் காசு கொடுத்து வாங்குகிறவர் இருக்கிற காவலையும் இழக்கிறார். டிஃபென்டர் செய்யாத எதை உங்கள் மென்பொருள் செய்கிறது என்பதுதான் விற்பவரிடம் கேட்க வேண்டிய முதல் கேள்வி என்பது என் கருத்து. கூடுதலாகச் சோதிக்க விரும்புவோர், மத்திய அரசு 2017-இல் தொடங்கிய சைபர் ஸ்வச்சதா கேந்திரத்தின் தளத்தில் இலவசக் கருவிகளைப் பெறலாம்.

இந்த விவரங்களைச் சங்க அலுவலகப் பலகையில் ஒட்டிவைக்கவும், பணத்தை இழந்தவர்கள் தாமதிக்காமல் இணையக் குற்றப் புகாருக்கான 1930 என்ற எண்ணை அழைக்க வேண்டும் என்பதை ஒவ்வொரு கூட்டத்திலும் அறிவிக்கவும் வேண்டுகிறேன். ஆண்டு மலருக்காக வந்திருக்கும் மென்பொருள் விளம்பரங்களை அச்சுக்கு அனுப்பும் முன் எனக்கு ஒரு வாரம் கொடுத்தால், ஒவ்வொன்றையும் சோதனை அறிக்கைகளோடு ஒப்பிட்டு, கட்டணம் எதுவும் பெறாமல், எழுதித் தருகிறேன்.

இப்படிக்கு,
கடைக் கணக்கர் ஒருவர்,
காரைக்குடி.